முதல் ஸ்போர்ட்ஸ் பைக்: ஸ்பிளெண்டர் மட்டும் ஓட்டிய கைக்கு எது சரிப்படும்?

சூலூர்_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். வயது 23, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 60 கிலோ. காலேஜ் முழுக்க அப்பாவின் ஸ்பிளெண்டர்தான், இப்போதும் அதுதான். வீடு சூலூர், ஆபீஸ் சரவணம்பட்டி, தினமும் காளப்பட்டி வழியாகப் போய் வருகிறேன். ஃபேரிங் (முன்னாலும் பக்கத்திலும் மூடுகிற பிளாஸ்டிக் உறை) வைத்த வண்டி வாங்க வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளில் இருந்தே ஆசை, இப்போதுதான் கையில் காசு சேர்ந்திருக்கிறது. ஆன்ரோடு இரண்டேகால் லட்சம் வரை போகலாம், கொஞ்சம் இழுத்தால் இன்னும் பத்தாயிரம். பார்த்து வைத்திருப்பவை யமஹா ஆர்15 வி4, சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250, பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200. கேடிஎம் ஆர்சி 200 பிடிக்கும், ஆனால் பட்ஜெட் தாண்டுகிறது. கூட வேலை பார்க்கிற நண்பன் "எப்படியும் ஒரு வருஷத்தில் போர் அடிச்சிடும், லோன் போட்டு நேராக ஆர்சி 390 எடு" என்கிறான். வார இறுதியில் வால்பாறை, ஊட்டி போகிற எண்ணம் உண்டு. எதை எடுக்கலாம்? மைலேஜ் பற்றிக் கவலை இல்லை (அப்பாவுக்கு இருக்கிறது).

காரமடை_ரைடர்:
தம்பி, பவர் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு முதலில் உட்காருகிற விதத்தைப் பார். ஸ்பிளெண்டரில் முதுகு நேராக இருக்கும், ஹேண்டில்பார் உன் பக்கம் வந்து நிற்கும், கால் முன்னால் இருக்கும். ஆர்15இல் கைப்பிடி தாழ்ந்து முன்னால் போய்விடும், கால் பின்னால் மடங்கும், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். சாலை காலியாக இருந்து எழுபது எண்பதில் போகும்போது காற்றே நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும், ஒன்றும் தெரியாது. காளப்பட்டி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஊர்ந்து போகும்போதுதான் மணிக்கட்டும் கழுத்தும் கேள்வி கேட்கும். டேங்கை இரண்டு முட்டியாலும் இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையில் உடம்பைத் தாங்கி, கையைத் தளர்வாக விடப் பழகினால் பாதி வலி போய்விடும், ஆனால் அது பழக நாளாகும்.

இன்னொன்று யாரும் ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். இந்த வகை வண்டிகளில் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் திரும்பும். ஸ்பிளெண்டரை எந்தச் சந்திலும் ஒரே மூச்சில் யூடர்ன் போட்டிருப்பாய், இதில் அதே இடத்தில் திருப்பினால் பாதியில் நின்றுவிடும், கால் ஊன்றிப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். புதிதாக வாங்கியவர்கள் வண்டியைச் சாய்ப்பது பெரும்பாலும் இப்படி நடை வேகத்தில்தான், நூறு கிலோமீட்டர் வேகத்தில் இல்லை.

நீ சொன்ன மூன்றில் உன் பாதைக்கு எனக்குத் தோன்றுவது எஸ்எஃப் 250. 249 சிசி, 26.5 பிஎஸ் (இன்ஜின் பவரின் அளவு), ஆயில் கூலிங். கைப்பிடி அவ்வளவு தாழ்வு இல்லை, கீழ் ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே, இழுக்கும் என்பதால் டிராஃபிக்கில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம். ஆர்15 சின்ன இன்ஜின், 155 சிசியில் 18.4 பிஎஸ் எடுக்கிறான் என்றால் அது மேலே 10,000 ஆர்பிஎம்மில்தான் வரும். 7,400 வாக்கில் விவிஏ (வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் அமைப்பு) மாறும்போது ஒரு சத்தம் வரும் பார், அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆர்பிஎம்முக்கு இன்ஜினைக் கொண்டுபோக உன் ஆபீஸ் பாதையில் எங்கே இடம்?

திராட்டில்_திருமலை:
நண்பன் சொல்வது சரிதான் ப்ரோ. 150, 200 எல்லாம் வாங்கி ஒரு வருஷத்தில் விற்று நஷ்டப்படுவதற்கு நேராக 390. கையில்தானே ஆக்ஸிலரேட்டர் இருக்கிறது, மெதுவாகப் போனால் மெதுவாகத்தான் போகும்.

பின்சீட்_பிலாசபர்:
@திராட்டில்_திருமலை மெதுவாகப் போனால் மெதுவாகப் போகும், உண்மைதான். பயந்து போய் ஒரு குழியில் கை தெறித்து முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. ஸ்பிளெண்டர் 8 பிஎஸ், 112 கிலோ. ஆர்சி 390 43.5 பிஎஸ், 172 கிலோ. ஸ்பிளெண்டரில் தவறி முறுக்கினால் இன்ஜின் கத்தும், அவ்வளவுதான். 390இல் இரண்டாவது கியரில் அதே தப்பைச் செய்தால் முன்னால் போகிற ஆட்டோ மடியில் இருக்கும். பழகின கை அந்தத் தப்பைச் செய்யாது என்பதில்லை, செய்தாலும் உடனே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம்தான் சின்ன வண்டியில் கற்றுக்கொள்வது.

காசுக் கணக்கும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22இல் இருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. ஆர்சி 390 என்கிற பேரில் இருப்பது 373 சிசி, எனவே மேல் கணக்கு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் அதே 350ஐத் தாண்டினால் கூடுதல் ஸ்லாப், புது வண்டிக்கு அதை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 12 சதவீத ஆயுள் வரி வேறு. இதெல்லாம் கட்டி, லோன் வட்டியும் கட்டி, அப்புறம் ஹெல்மெட்டுக்குக் காசு இல்லாமல் அப்பாவின் பழைய அரை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு 390 ஓட்டுகிறவர்களைத் தினமும் அவிநாசி ரோட்டில் பார்க்கிறேன்.

போர் அடிக்கும் என்பதைப் பற்றி. போர் அடித்தால் விற்கலாம். ஆர்15க்கு இந்த ஊரில் கைமாற்று விலை நன்றாகவே நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்_கணேசு:
நான் வேலை பார்க்கிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஃபேரிங் வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலே செலவு. இண்டிகேட்டர், சைடு பேனல், லீவர், சில நேரம் விண்ட்ஷீல்டு தாங்குகிற பிராக்கெட். அதெல்லாம் பிளாஸ்டிக். சாதாரண இன்ஷூரன்ஸில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள், அதாவது பேனல் விலையில் பாதி உன் கைக்காசு. முதல் இரண்டு மூன்று வருஷம் ஜீரோ டெப் (அந்தத் தேய்மானத்தைக் கழிக்காத இன்ஷூரன்ஸ்) போட்டுக்கொள். டீலரில் கொடுக்கிற கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பார், "எல்லாம் இருக்கு சார்" என்கிற வாய்ச்சொல்லை நம்பாதே.

கிராஷ் கார்டு மாட்டலாமா என்று அடுத்துக் கேட்பாய். இந்த வண்டிகளுக்கு வெளிக்கடையில் விற்கிற பெரிய இரும்புக் கார்டு வேண்டாம். விழுந்து சறுக்கும்போது எதிலாவது கொக்கி போட்டு வண்டியைப் புரட்டிவிடும், அடி நேராக மவுண்டிங் போல்ட்டுக்குப் போகும். ஃப்ரேம் ஸ்லைடர் (விழுந்தால் தரையில் உரசித் தாங்குகிற சின்னக் கட்டை) நல்லது, அதுவும் உன் மாடலுக்கென்று வருவதாக இருந்தால் மட்டும்.

செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடி. ஸ்பிளெண்டரில் செயின் கவர் மூடியிருக்கும், மறந்தே போயிருப்பாய். இதில் திறந்த செயின், நம் ஊர்ப் புழுதிக்கு இரண்டே மழையில் மணல் காகிதம் ஆகிவிடும். ஆர்15, ஆர்எஸ் இரண்டும் லிக்விட் கூலிங், கூலண்ட் அளவையும் பார்த்துக்கொள். எஸ்எஃப்இல் அந்த வேலை இல்லை.

சூலூர்_பையன்:
இவ்வளவு விவரமா! நன்றி அண்ணா எல்லோருக்கும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், மாதத்தில் இரண்டு தடவையாவது அம்மாவை மருதமலைக்கோ சந்தைக்கோ கூட்டிப்போக வேண்டும். அம்மா புடவைதான். அப்புறம் கணபதியில் ஒருவர் ஆர்15 வி3 விற்கிறார், ஓடியது குறைவு என்கிறார், விலை நன்றாக இருக்கிறது. அது எப்படி?

செயின்_லூப்_செல்வி:
அம்மாவை ஆர்15இல் ஏற்றப் போகிறாயா தம்பி? பின் சீட் ரைடர் சீட்டை விட எவ்வளவு உயரம் என்று போய்ப் பார். அது சீட்டே இல்லை, பேச்சுக்கு ஒரு திண்டு. ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, பிடித்துக்கொள்ள இடம் தேடி, நீ பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் சறுக்கி, அம்மா ஒரு தடவை வருவார்கள், அடுத்த தடவை பஸ்ஸில் போகிறேன் என்பார்கள். எஸ்எஃப் 250 பின் சீட் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் என் கருத்து, ஸ்பிளெண்டரை விற்காதே. அம்மாவுக்கு அது, உனக்கு இது. பார்க்கிங் இடம் இருந்தால் இந்தப் பிரச்சினை இங்கேயே முடிந்தது.

உயரம் பற்றி யாரும் பேசவில்லை, நான் ஐந்தடி இரண்டு என்பதால் சொல்கிறேன். எஸ்எஃப் 250 சீட் உயரம் 800 மில்லிமீட்டர், ஆர்எஸ் 810, ஆர்15 815, ஆர்சி 200 அதற்கும் மேல். பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை, சீட் அகலமாக இருந்தால் உயரம் குறைந்த வண்டியிலும் கால் எட்டாது. ஷூ போட்டுக்கொண்டு போய் உட்கார். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் உறுதியாகப் பதிந்தால் போதும், குதிகால் தொட வேண்டியதில்லை. அப்புறம் வண்டியில் உட்கார்ந்தபடியே காலால் தள்ளிப் பின்னால் நகர்த்து, கொஞ்சம் சரிவான இடத்தில். அது முடிந்தால் வாங்கலாம். சேல்ஸ்மேன் வண்டியைப் பிடித்துக்கொண்டே நிற்பார், அவரைத் தள்ளி நிற்கச் சொல்.

பட்ஜெட்டில் இருந்து பதினைந்தாயிரத்தை இப்போதே எடுத்து வைத்துவிடு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முக ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மூடுகிற ஷூ, மெஷ் ஜாக்கெட். கோவை வெயிலுக்கு மெஷ் தவிர எதை வாங்கினாலும் இரண்டாவது வாரம் அலமாரிக்குப் போய்விடும். ஹெல்மெட்டை ஆன்லைனில் அளவு பார்த்து வாங்காதே, கடையில் போட்டுப் பத்து நிமிஷம் அப்படியே இரு. கன்னம் அழுந்த வேண்டும், நெற்றி வலிக்கக் கூடாது.

ஒர்க்‌ஷாப்_கணேசு:
அந்த வி3 விஷயம். போவதற்கு முன்பே போன் செய்து "வந்து நானே ஸ்டார்ட் பண்ணுகிறேன், அதுவரை தொடாதீர்கள்" என்று சொல். ஆறின இன்ஜின் எழும் விதத்தில் நிறையத் தெரிந்துவிடும். ஹேண்டில்பார் முனை, லீவர் நுனி, ஃபுட்பெக் ஓரம், சைலன்ஸர் கவர், இந்த நான்கிலும் ஒரே பக்கம் உரசல் இருந்தால் வண்டி சறுக்கியிருக்கிறது. ஒரு பக்கப் பேனல் மட்டும் புதுசாக மின்னினாலும் அதே கதை. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு பார். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டி, எனவே இரண்டு பேர் சேர்ந்து முன் சக்கரத்தை லேசாகத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு, நடுவில் ஒரு இடத்தில் டக்கென்று நின்றால் ஸ்டீரிங் பேரிங் போயிருக்கிறது. நேர் ரோட்டில் ஓட்டும்போது ஒரு பக்கம் இழுத்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடு.

ஆர்சி புத்தகத்தில் லோன் பதிவு இருந்தால் பேங்க் என்ஓசியும் (பாக்கி இல்லை என்கிற கடிதம்) அந்தப் பதிவை நீக்குகிற படிவம் 35உம் கையில் வந்த பிறகுதான் பணம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கு, நிலுவை அபராதத்தைப் பரிவாஹன் என்கிற அரசு இணையதளத்தில் பார்க்கலாம். "பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த வண்டி வேண்டாம்.

காரமடை_ரைடர்:
வால்பாறை பற்றிக் கேட்டாயே. வண்டி எடுத்த வாரமே கிளம்பிவிடாதே. புது டயர் மேலே வழுக்கும், நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தால்தான் பிடிக்கும். ஆழியாறில் இருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன்னால் நீ பழக வேண்டியது இரண்டு. ஒன்று முன் பிரேக். ஸ்பிளெண்டர் ஓட்டியவர்கள் கால் பிரேக்கை மட்டுமே நம்புவார்கள், பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் வந்துவிடும் என்பதால் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் சக்கரம்தான். காலி மைதானத்தில் நாற்பதில் இருந்து, படக்கென்று பிடிக்காமல் அழுத்தத்தைக் கூட்டிக்கூட்டிப் பிடித்துப் பழகு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இருக்கிறதே என்று வளைவுக்குள் சாய்ந்தபடி அமுக்கினால் அது எப்போதும் காப்பாற்றாது. இரண்டாவது, வேகத்தில் வண்டியைச் சாய்ப்பது. வலது பக்கம் போக வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளு, வண்டி தானாக வலது பக்கம் சாயும். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும், எதிரே வருகிற பஸ்ஸைப் பார்த்தால் பஸ்ஸுக்கே போகும்.

மலையில் பஸ் வளைவை முழுசாக எடுத்துத்தான் திரும்பும், அவருக்கு வேறு வழி இல்லை. ஹாரன் அடித்துவிட்டு உள்ளே போகாமல் வெளியே நின்று விடு. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, நீ இறங்கும்போது இதை நினைவில் வை. இறங்கும்போது கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருட்டாதே, இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்து இறக்கும்.

வேகம் பார்க்க ஆசை இருந்தால் ரோடு வேண்டாம், உன் வீட்டுப் பக்கமே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர் ட்ராக். சின்ன சிசி வண்டிக்கு அளவான ட்ராக் அது. பயிற்சி நாள் நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் ஆர்15ஐயே கொண்டு போ, அன்றைக்கு 390காரர்களை வளைவில் முந்துவாய்.

திராட்டில்_திருமலை:
390காரன் நேர் ரோட்டில் திரும்ப முந்துவான் அண்ணா 😄 சரி, முதல் வண்டிக்கு 390 வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்எஸ்200ஐ ஒருத்தரும் கண்டுகொள்ளவே இல்லை. 24.5 பிஎஸ், உட்கார வசதி, ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். அழகு இல்லை என்பது மட்டும்தான் குறை.

சூலூர்_பையன்:
அப்பாவிடம் பேசினேன், ஸ்பிளெண்டரை விற்கப் போவதில்லை. வி3 பார்க்கப் போனேன், இடது பக்கம் லீவரும் ஃபுட்பெக்கும் உரசியிருந்தது, பேனல் மட்டும் பளபளவென்று புதுசு, அதனால் விட்டுவிட்டேன். சனிக்கிழமை எஸ்எஃப் 250, ஆர்15 இரண்டையும் டெஸ்ட் ரைடு கேட்டிருக்கிறேன். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று மட்டும்தான் தருவார்களாம், அதில் என்ன பார்ப்பது?

செயின்_லூப்_செல்வி:
ஒரு சுற்று போதாது, காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில் போய் இன்னும் கொஞ்சம் கேள், லைசென்ஸ் நகலைக் கொடுத்தால் பல இடத்தில் தருவார்கள். தராவிட்டால் அந்த ஒரு சுற்றில் வேகம் பார்க்காதே. ஒரு யூடர்ன், ஒரு ஸ்பீட் பிரேக்கர், முதல் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து நடை வேகத்தில் இருபது அடி. பிறகு வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்து, சீட்டிலேயே பதினைந்து நிமிஷம் டேங்கைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திரு. யார் பார்த்தாலும் பரவாயில்லை. எந்த வண்டியில் மணிக்கட்டு முதலில் வலிக்கிறது என்று வந்து சொல்.