லேப்டாப் – டெஸ்க்டாப் நேரடி லேன் இணைப்பு: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

(கேள்வி: விண்டோஸ் டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய ஃபோல்டரை நடுவில் ரூட்டர் இல்லாமல் ஒரே லேன் கேபிளில் லேப்டாப்புக்கு மாற்றுவது எப்படி? பதில் சொன்னவர்கள் ஊர்ப் பெயரில் இருக்கிறார்கள்.)

தக்கலை:
கல்யாண வீடியோ ஃபோல்டர் 50 ஜிபி இருக்கும். அதை மாற்ற பென்டிரைவ் சரிவராது. அது ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றை ஃபைலே ஏறாது. 3 மீட்டர் கேட்5ஈ கேபிள் (நெட்வொர்க் வயர்) ஒன்று போதும். இரண்டு பக்கமும் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் என்றால் சாதாரண நேர் கேபிளே ஆகும், இரு முனையிலும் வயர் வரிசை மாறியிருக்கும் கிராஸ் கேபிள் தேடி நாகர்கோவில் மீனாட்சிபுரம் வரை போக வேண்டாம். இரண்டிலும் பழைய 100 எம்பிபிஎஸ் கார்டு என்றால்தான் அது தேவைப்படலாம்.

ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரின் முகவரி எண்ணை, கையால் போடுங்கள். டெஸ்க்டாப்புக்கு 192.168.10.1, லேப்டாப்புக்கு 192.168.10.2, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0, கேட்வே (வெளி நெட்டுக்குப் போகும் வழி) காலி. 192.168.1 வரிசை வேண்டாம். வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அதில்தான் ஓடும். எந்த வழியாக அனுப்புவது என்று கம்ப்யூட்டர் குழம்பும். ஒன்றும் போடாமல் விட்டால் 169.254 என்று தொடங்கும் எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். வேலை நடக்கும்தான், ஆனால் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு நிற்கும்.

பிறகு லேப்டாப்பில் ஃபோல்டர் ஜன்னலின் மேல்பட்டையில் \\192.168.10.1 என்று அடியுங்கள். கம்ப்யூட்டர் பெயரைப் போட்டால் வைஃபை வழியாகச் சுற்றிக்கொண்டு போனாலும் போகும்.

மார்த்தாண்டம்:
கேபிள் சரி, ஐபி சரி, ஆனாலும் திறக்காது. முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதானாக்கும்.

கேட்வே இல்லாததால் விண்டோஸ் இதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று பப்ளிக் பட்டியலில் தள்ளிவிடும். அங்கே ஃபைல் ஷேரிங் மூடியிருக்கும். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்கில் பப்ளிக் பகுதிக்குள் போய் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். காப்பி முடிந்ததும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். அதே லேப்டாப்பை நாளைக்கு ஏதோ ஒரு ஹோட்டல் வைஃபையில் மாட்டுவீர்கள். இணைப்பைச் சோதிக்கும் பிங் கமாண்டுக்குப் பதில் வராததை வைத்து கேபிளைக் குறை சொல்ல வேண்டாம், ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கலாம்.

அடுத்தது பாஸ்வேர்டு. லேப்டாப்பில் கேட்பது டெஸ்க்டாப் யூசரின் பாஸ்வேர்டு. தினமும் திறக்க அடிக்கும் நாலு இலக்கப் பின் இங்கே செல்லாது. பாஸ்வேர்டே இல்லாத யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. பாஸ்வேர்டு கேட்காதபடி ஷேரிங்கை மாற்றும் பழைய குறுக்குவழி விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில் எடுபடாது, பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவை மூடிவிட்டார்கள். டெஸ்க்டாப்பில் 'காப்பி' என்று ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்த ஃபோல்டருக்கு ஷேரிங், செக்யூரிட்டி ஆகிய இரண்டு டேபிலும் அனுமதி கொடுத்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் கொடுத்தால் ஃபோல்டர் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. முன்பு தப்பாக அடித்த பாஸ்வேர்டு, விண்டோஸ் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிப்பாகி இருந்தால் அதையும் அழிக்க வேண்டும்.

குளச்சல்:
50 ஜிபி ஒன்றே கால் மணி நேரம் எடுக்கிறதா? அப்படியானால் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது, வினாடிக்கு 11 மெகாபைட் (எம்பி) அளவில்; எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் ஒரு பைட். ஜிகாபிட்டில் 110 எம்பி வரை போகும், எட்டு நிமிஷத்தில் முடியும். அடாப்டர் ஸ்டேட்டஸில் வேகம் எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

100 என்று காட்டினால், 100-க்கு இரண்டு ஜோடி வயர் போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நீலம், பழுப்பு ஜோடிகளைச் சந்தேகப்படுங்கள். வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. கடலோர வீடுகளில் வயர் நன்றாக இருந்தும் பிளக்கின் உலோகப் பட்டைகள் களிம்பேறிக் கிடக்கும். உப்புக் காற்றின் வேலை. இரண்டு கம்ப்யூட்டரையும் ஆஃப் செய்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பிளக்கின் பொன்னிறப் பட்டைகளைத் துடைத்து, நாலைந்து தடவை செருகி எடுங்கள். கிளிப் ஒடிந்த பிளக்கை வைத்து இழுபறி வேண்டாம், மக்கா. புது ஆர்ஜே45 பிளக் அடித்துவிடுங்கள்.

குலசேகரம்:
ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை மழையிலும் மலைப்பக்கம் கருத்தாலே கரண்ட் போகும். டெஸ்க்டாப் செத்துவிடும், லேப்டாப் பேட்டரியில் நிற்கும், காப்பி பாதியில் அறும். பெரிய ஃபோல்டருக்கு விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கமாண்ட் நல்லது: மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே வந்த ஃபைல்களைத் தாண்டிப் போகும். இடி தொடங்கும் முன்பே லேன் கேபிளையும் கரண்ட் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். லேப்டாப் மூடியை மூடினாலும் ஸ்லீப்புக்குப் போய்க் காப்பி நின்றுவிடும்.

இரண்டு முனையும் அகலமான யூஎஸ்பி-ஏ ஆக இருக்கும் சாதாரண வயரால் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கப் பார்க்காதீர்கள். இரு பக்கத்து 5 வோல்ட்டும் முட்டிக்கொண்டு போர்ட் போய்விடலாம். நடுவில் சிப் வைத்த யூஎஸ்பி டேட்டா கேபிள் தனி.

தக்கலை:
வேலை முடிந்ததும் ஐபியைத் திரும்ப ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் மறுநாள் ரூட்டர் வயரைச் செருகிவிட்டு நெட் போச்சு என்று கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.