வீட்டுக் குளத்துக்குத் தவளை எப்போது வரும்? (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

அல்லிக்குளம் கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில், பால்மரங்களை (ரப்பர்) வெட்டிவிட்டுக் கட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறது. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் உண்டு. போன வருடக் கடைசியில் அங்கே சிறியதாக ஒரு குளம் கட்டினோம். நீளம் எட்டு அடி, ஆழம் முழங்கால் அளவு. ஒரு பக்கம் மட்டும் கல் அடுக்கிச் சரிவாக விட்டிருக்கிறேன். சட்டிகளில் அல்லி, ஓரத்தில் கங்கோங் கீரை. மீன் இன்னும் விடவில்லை. கோய் வாங்கலாம் என்று வீட்டுக்காரர் நச்சரிக்கிறார்.

என் தங்கை இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறாள். பிப்ரவரி கடைசியில் அவள் வீட்டுக் குளத்தில் தவளை முட்டை வந்துவிட்டது என்று குடும்ப வாட்சாப்பில் படம் போட்டாள். இரண்டு கையாலும் அள்ளலாம் போல அவ்வளவு பெரிய கூழ்க்கட்டி, உள்ளே கருப்புப் புள்ளிகள். அதைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகள் நம் குளத்துக்கு எப்போது வரும் என்று கேட்டபடி இருக்கிறார்கள். நானும் காலையில் போய் எட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. தைப்பூசத்திலிருந்து இங்கே சரியான மழையும் இல்லை, தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. பைப்புத் தண்ணீர் விடலாமா?

எந்த மாதத்தில் பார்க்க வேண்டும், இரவிலா காலையிலா, எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: குளம் வைத்தால் டிங்கிக் காய்ச்சல் வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். தவளை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்று மாமியார் சொல்கிறார். இருவரையும் சமாளிக்க ஏதாவது பதில் இருந்தால் நல்லது.

தாமான் தம்பி:

அக்கா, எங்கள் வீட்டுப் பின்னால் லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) வந்து கேளுங்கள், மழை பெய்தால் விடிய விடியக் கச்சேரி. காசு செலவு செய்து குளம் கட்டி தவளையைக் கூப்பிடுகிற முதல் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். வேண்டுமானால் ஒரு வாளியில் தலைப்பிரட்டை பிடித்துக் கொண்டுவந்து தருகிறேன்.

பழைய லயத்துக்காரர்:

தம்பி, வாளி வேண்டாம். லோங்காங் தண்ணீரோடு என்னென்ன நோய் வரும் என்று யாருக்கும் தெரியாது. தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் என்ற பூஞ்சை தண்ணீர் வழியாகவும் பரவுகிறது. இங்கிலாந்திலும் ஒரு குளத்து முட்டையை இன்னொரு குளத்தில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தில் லோங்காங்கும் செம்பனையும் இருக்கிற ஊரில் தவளைக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை, அதுவே வரும்.

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தங்கையின் குளத்தைப் பார்த்து உங்கள் குளத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அங்கே தவளையை முடக்கி வைப்பது குளிர். குளிர் விட்டு, கொஞ்சம் சூடேறிய ஈர இரவு வந்தால் கிளம்பும். அந்த நாட்டின் தென்மேற்கு மூலையில் ஜனவரியிலேயே கூட முட்டை காணலாம், மற்ற இடங்களில் பிப்ரவரி, மார்ச். முதல் முட்டையை எந்தத் தேதியில் பார்த்தோம் என்று பொதுமக்களே குறித்து, உட்லண்ட் டிரஸ்ட் நடத்தும் பதிவுக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் குளிரும் இல்லை, அப்படி ஒரு தேதியும் இல்லை. இங்கே முடக்கி வைப்பது வறட்சி, கிளப்பிவிடுவது மழை. ஈரம் இருந்தால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு தவளை முட்டை இடும். ஆனால் நம் வட பேராக் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து, ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சுற்றும், அக்டோபர், நவம்பரில் அதைவிடப் பெரிய சுற்றும் பெய்யும். நீங்கள் காத்திருக்க வேண்டியது அந்த முதல் சுற்றின் முதல் பெரிய மழைக்கு.

அது நெருங்குகிறதா என்பதற்கு நாட்காட்டியைவிட நல்ல அடையாளம் ஒன்று எங்களுக்கு இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்), அப்பா அம்மா இருவரும் பால்வெட்டு. வருடத் தொடக்கத்தில் பால்மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். பால் குறையும், சம்பளமும் குறையும், கடைக்காரர் கொப்பியில் கடன் ஏறும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விட்டு, அது பச்சையாகும் நேரத்தில் சாயங்கால இடி தொடங்கும். அந்த மழையில்தான் லயத்துக்குப் பின்னால் முதல் கத்தல் கேட்கும். உங்கள் தாமானைச் சுற்றி இன்னும் நாலு பால்மரம் மிச்சம் இருந்தால் அதைப் பாருங்கள். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை, அது இலை உதிர்ப்பதில்லை, அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

மழை விட்ட இரவில் ஏழரை மணிக்கு மேல் வெளியே வாருங்கள். முதலில் லைட் அடிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். காலடி கேட்டால் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும், ஐந்து பத்து நிமிடத்தில் ஒன்று தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்துவிடுங்கள். பெயர் கண்டுபிடிக்கப் படத்தைவிட அது உதவும். பிறகு டார்ச் லைட்டைத் தண்ணீர் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். முட்டை தேட விடியற்காலைதான் நல்லது, வெயில் ஏறினால் தண்ணீர் பளபளத்து எதுவும் தெரியாது.

எதைத் தேடுவது என்றால், முட்டையின் அமைப்பே ஆள் யார் என்று சொல்லிவிடும். தங்கை காட்டிய கூழ்க்கட்டியை இங்கே தேடாதீர்கள், அது அந்த ஊர்த் தவளையின் வழக்கம். செடித்தண்டைச் சுற்றி நீளநீளமான சரம், உள்ளே கருப்புப் புள்ளி வரிசையாக இருந்தால் தேரை. வீட்டு வாசலில் லைட்டுக்குக் கீழே பூச்சி தின்ன உட்கார்ந்திருக்குமே, சொரசொரத் தோல், அதுதான். அதன் குஞ்சுகள் கரிய நிறம், கூட்டமாகத் திரியும். தண்ணீர் மேல் ஒற்றை அடுக்காக முட்டை படர்ந்து மிதந்தால் பட்டைத் தவளை. அது உடம்பை ஊதிக்கொண்டு தண்ணீரில் மிதந்தபடியே ‘உவ்வ்வாங்’ என்று கத்தும், தெருக்கோடி வரை கேட்கும். எறும்பும் கறையானும்தான் அதற்குச் சாப்பாடு, மழை இல்லாத நாட்களில் மண்ணுக்குள் கிடக்கும். தண்ணீருக்கு மேலே இலையிலோ சுவரிலோ வெள்ளை நுரை ஒட்டியிருந்தால் மரத்தவளை. அது பின்னங்காலால் அடித்தே அந்த நுரையை உண்டாக்குகிறது. லயத்துத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் அந்த நுரை ஒட்டியிருக்கும், அம்மா திட்டிக்கொண்டே தேங்காய் மட்டையால் வழித்துப் போடுவார். நுரைக்குள் பொரித்த குஞ்சு சில நாளில் தண்ணீரில் சொட்டும். மூக்கு நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும், தவறவே முடியாது. இன்னும் ஒன்று, குட்டைத் தவளை. விரல் நுனியில் உட்காரும், சத்தமோ பெரிது. அதன் தலைப்பிரட்டை கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், வாய் மேல்நோக்கிப் புனல் போல விரியும்.

தங்கை வீட்டில் நியூட் என்று வாலுள்ள ஒன்றும் இருக்கலாம், அது மலேசியாவில் கிடையாது. பதிலுக்கு நமக்குக் காலே இல்லாத வகை ஒன்று ஈர மண்ணில் உண்டு, பார்த்தால் மண்புழு என்றே நினைப்பீர்கள்.

பைப்புத் தண்ணீர் விடலாம். வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வையுங்கள், குளோரின் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். முழுக் குளத்தையும் நிரப்பிவிடவும் வேண்டாம். சரிவுப் பக்கம் ஆழம் குறைந்து வெதுவெதுப்பாக இருப்பது நல்லதுதான்.

மாமியார் சொல்வதில் தப்பில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மா வந்த பேச்சா? கத்துகிற சத்தம் பாம்புக்கும் அடையாளம் காட்டும். நாகமும் தேரை தின்னும். அதற்காகக் குளத்தை மூட வேண்டாம். குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள், பலகை, ஓடு, ஓலை எதையும் அடுக்காதீர்கள், இரவில் பூட்ஸும் லைட்டும் இல்லாமல் பிள்ளைகளை விடாதீர்கள். பாம்பைக் கண்டால் கம்பெடுக்க வேண்டாம், பொம்பாவைக் (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள்.

கொசுக்காரர்:

நான் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் கொசு ஒழிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டு அக்காவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் வளாகத்தில் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், தவளைக்காக வைத்த தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆனால் எங்களுக்கு அதிகம் கிடைத்தது குளத்தில் இல்லை. பூச்சட்டித் தட்டு, அடைத்துக்கொண்ட கூரை வடிகால், பழைய டயர், ஐஸ்கிரீம் டப்பா, இவற்றில்தான். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் அள்ளிப் பாருங்கள். கொசுப்புழு தலைகீழாகத் தண்ணீர் மட்டத்தில் தொங்கும், நிழல் பட்டதும் நெளிந்து கீழே போகும். தலைப்பிரட்டை அப்படித் தொங்காது.

தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். பெரும்பாலும் அது பாசியைத்தான் மேயும். கப்பி மீன் விடுங்கள், அதுதான் சுலபம். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து கேளுங்கள், அது தவளைக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தெருவில் புகை அடிக்க வந்தால் குளத்தைக் கன்வஸால் மூடிவிடுங்கள். பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கும் தலைப்பிரட்டைக்கும் ஆகாது.

பழைய லயத்துக்காரர்:

கப்பி விஷயத்தில் அண்ணனோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். முட்டையையும் புதிதாகப் பொரித்த குஞ்சையும் அது கொத்தும். தேரை முட்டையிலும் குஞ்சிலும் நஞ்சு இருப்பதால் அதைப் பல மீன் தொடாது, ஆனால் மற்றவை போய்விடும். கோய் விட்டால் பேச்சே இல்லை, குளம் மீன்குளம் ஆகிவிடும். வீட்டுக்காரருக்குக் கோய்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனித் தொட்டி.

கொசுக்காரர்:

சரி, அப்படியானால் வாரம் தவறாமல் கிண்ணத்தை எடுக்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பல் என்றால் கப்பிதான். நான் பார்த்த வீடுகளில் இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள்.

அல்லிக்குளம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்த்தது. இரவு போய் உட்கார்ந்தோம். ஐயா சொன்ன ‘உவ்வ்வாங்’ அப்படியே! சின்னவன் பயந்து உள்ளே ஓடிவிட்டான், மாமியார் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். இன்று காலை ரசத்தின் மேல் மிளகுத்தூள் மிதப்பது போல ஓரம் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். இன்னொன்று, குளத்தில் இல்லை, வெளிச்சுவர்ப் பைப்புக்கு மேலே ஒரு கைப்பிடி வெள்ளை நுரை ஒட்டியிருக்கிறது. கீழே வெறும் சிமெண்டுத் தரை. அதை எடுத்துக் குளத்தில் போடலாமா?

பழைய லயத்துக்காரர்:

மிதப்பது பட்டைத் தவளை முட்டை. ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும், நாளைக் காலை பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள். இதன் குஞ்சு அவசரக்காரன், இரண்டு மூன்று வாரத்தில் கால் முளைத்து வெளியேறிவிடும். அதற்குள் சரிவுக் கற்களை யாரும் நகர்த்த வேண்டாம், ஏறி வர அதுதான் வழி.

நுரையைப் பிய்த்துக் குளத்தில் போடாதீர்கள், உள்ளே பொரிப்பதற்கு முன் தண்ணீரில் மூழ்கினால் வீணாகும். வாயகன்ற பேசினில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, நுரைக்கு நேர் கீழே வையுங்கள். மதிய வெயில் அந்தச் சுவரில் விழுந்தால் மேலே ஒரு வாழை இலையைச் சாய்த்து வையுங்கள், நுரை காய்ந்துவிடக் கூடாது. மூன்று நான்கு நாளில் குஞ்சுகள் பேசினில் சொட்டியிருக்கும், அப்போது அப்படியே குளத்தில் சாய்த்துவிடலாம். பேசினையும் அண்ணன் சொன்ன கிண்ணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.