இல்கா 7 படகு திசை மாற்றும்போது நின்றுவிடுவது ஏன்?

கேள்வி: 7.06 சதுர மீட்டர் பாய் கொண்ட இல்கா 7 படகில் பந்தயப் பயிற்சி செய்கிறேன். எதிர்காற்றில் திசை மாற்றும் ஒவ்வொரு முறையும் படகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1: சுக்கானை வெடுக்கெனத் திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன், அகலத் திரும்பிய சுக்கான் வேகத்தைத் தடுக்கும். படகைக் காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் சற்றே சாயவிட்டால் அது தானாகவே காற்றை நோக்கித் திரும்பும். பிறகு உடல் எடையால் அதை உங்கள் பக்கம் உருட்டி, பாயின் அடிக்கம்பம் தலைக்கு மேல் கடந்ததும் மறுபக்கம் சென்று, சற்றுத் தளர்த்திய பாய்க்கயிற்றைப் படகு நிமிரும்போதே இழுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: உடலசைவால் படகை உந்திச் செல்வதைக் கட்டுப்படுத்தும் பாய்மரப் பந்தய விதி 42 இவ்வாறு உருட்ட இடம் தருகிறது. ஆயினும், திருப்பம் முடிந்தவுடன் படகின் வேகம், திரும்பாமலே சென்றிருந்தால் இருந்திருக்கும் வேகத்தை மிஞ்சக் கூடாது.

மறுமொழி 3: அலைகளுக்கிடையே நீர் சமமாகும் தருணத்தில் திரும்புங்கள், எனக்கு அதுவே பெரிதும் உதவியது.