மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் வாடகைக்கு விட வீடு வாங்குபவர்களுக்கு

செம்பனைக்காரன்:
"தவணையை வாடகையே கட்டிவிடும்" என்று ஏஜெண்ட் சொன்னால் கால்குலேட்டரை எடுங்கள். 180,000 வெள்ளி (ரிங்கிட்) டெரஸ் வீடு, 90 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி, 30 வருடம்: மாதம் 773 வெள்ளி. வாடகை 750, வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் துண்டு விழும். கடனை 70 விழுக்காடாகக் குறைத்தால் தவணை 602. அதே ஆயிரம் வெள்ளி உங்கள் பக்கம் மிஞ்சும், ஆனால் மதிப்பீட்டு வரி, நில வரி, ரிப்பேர் எல்லாம் அதற்குள்ளேதான். மூன்றாவது வீட்டுக்கடன் என்றால் 2010 நவம்பரிலிருந்தே மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்த கடன் உச்சவரம்பு 70 விழுக்காடுதான். முன்பணம் தவிர, பெயர் மாற்ற முத்திரை வரி 2,600, கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, வக்கீல் கட்டணம் தனி.

கிரான்பார்ப்பவள்:
அண்ணன் சொன்ன கணக்குக்கு முன்னால் கிரானை, அதாவது நிலப் பட்டாவைப் பாருங்கள். மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய மலாய் ரிசர்வ் நிலமா, லீஸ்ஹோல்ட் (குத்தகை நிலம்) என்றால் எத்தனை வருடம் பாக்கி, பெயர் மாற்ற மாநில அனுமதி வேண்டுமா? அடுத்து பின்பக்கச் சமையலறை. பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இழுத்துக் கட்டிய பகுதிக்கு அஸ்திவாரம் மெல்லிசு, அது மட்டும் தனியாக இறங்கும். பழைய சுவரோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல், மழைக்கு அங்கேதான் ஒழுகும். சிமெண்ட் பூசி மறைத்திருப்பார்கள். பெயிண்ட் மட்டும் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளான் பாஸ் ஆகாத கட்டடத்தை பேங்க் மதிப்பீட்டில் சேர்க்காமல் விடலாம். அப்போது கடன் குறையும், வித்தியாசம் உங்கள் கையிலிருந்து.

பழையவாசி:
வாடகை ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் முத்திரையிடுங்கள். வாடகை மாதம் 800, ஒரு வருடம் என்றால் முத்திரை வரி 39 வெள்ளி, இரண்டு வருடம் என்றால் 117. ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு முன்பிருந்த விலக்கு 2025இல் போய்விட்டது. முத்திரை இல்லாத தாளை கோர்ட்டில் காட்ட முடியாது. டெப்பாசிட் இரண்டு மாதம், தண்ணீர் கரண்ட்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டி.

வாடகை கொடுக்காதவர் வீட்டுக்குப் பூட்டுப் போடுவது, கரண்ட் வெட்டுவது வேண்டவே வேண்டாம். 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் (Specific Relief Act), பிரிவு 7(2)படி கோர்ட் ஆணை இல்லாமல் வெளியேற்ற முடியாது. வழக்கு உங்கள் மேல் திரும்பும். பாக்கிக்கு 1951 டிஸ்ட்ரஸ் சட்டத்தில் ஜப்தி கேட்கலாம், அதிகபட்சம் 12 மாதப் பாக்கி. ஆனால் ஜப்தியால் ஆள் வெளியேற மாட்டார், வெறும் பொருள்தான் போகும். வீட்டில் இருப்பது ஒரு மெத்தையும் ரைஸ் குக்கரும் என்றால் என்ன பிரயோஜனம்?

செம்பனைக்காரன்:
ஃபேக்டரித் தொழிலாளர்களுக்கு விடுவதாக இருந்தால் முதலாளி தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றிய சட்டம் 446இன் கீழ், சாதாரண வீட்டில் ஒருவர் படுக்க 3.6 சதுர மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பேர், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஏஜெண்ட் "ஆறு பேர் தாராளம்" என்பார். டாய்லெட் குழாய் அடைத்துக்கொண்டால் அவர் வரமாட்டார்.

கிரான்பார்ப்பவள்:
கரண்ட் கணக்கை மின்சாரக் கம்பெனியான தெனாகாவில் வாடகைக்காரர் பெயருக்கு மாற்றிவிடுங்கள், டெப்பாசிட்டும் அவரே கட்டட்டும். சாவி கொடுக்கிற அன்றே தண்ணீர், கரண்ட் இரண்டு மீட்டரிலும் காட்டும் அளவைப் படம் பிடித்து, ஒப்பந்தத்தின் பின்னால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.