புதுப்பிப்பு: தேவகோட்டை வீட்டுத் தகரப்பெட்டியும் ரங்கூன் லாட்ஜும்

தேவகோட்டை வீட்டின் இரண்டாங்கட்டு அறையில், அப்பாவைப் பெற்ற ஐயாவின் தகரப்பெட்டியில் கிடைத்த ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவச் சங்கத்தார் சபைக் கூட்டங்களில் இடுப்பில் கட்டும் ஏப்ரனைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, அது புதிதாகச் சேர்ந்தவர் அணிவது என்றும், நம் ஊரிலேயே ஒரு லாட்ஜ் இருந்து மறைந்திருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன், இரண்டுமே தவறு. (லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதியை நினைத்தவர்களுக்கு: இது ஃப்ரீமேசன்கள் கூடும் கிளைச் சபை.)

திருச்சியில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். புதியவரின் ஏப்ரன் வெறும் வெள்ளைத் தோல்தான். இதிலோ வெளிர்நீலக் கரையும், மூன்று நாடாப்பூக்களும், இருபுறமும் ஏழேழாகத் தொங்கும் வெள்ளிநிறச் சங்கிலிகளும் இருப்பதால், மூன்றாம் படியான மாஸ்டர் மேசனுக்கே இது உரியது.

அவர் சொன்னபடி உள்மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். மங்கிய மையில் 'ரங்கூன், இ.சி.' என்றிருந்தது. இ.சி. என்பது இங்கிலாந்துப் பெருஞ்சபையின் உரிமைப்பட்டயத்தைக் குறிக்கும். ஆக, லேவாதேவி செய்த ஊரிலேயே ஐயா சபையிலும் சேர்ந்திருக்கிறார். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் அங்கிருந்த லாட்ஜுகள் முடங்கிப்போயின. ஏப்ரனைச் சுற்றியிருந்த பர்மியக் கைலியையும் இனி அதனோடேயே பத்திரமாக வைத்திருப்பேன்.