மொன் ட்ரம்பிளானில் மூன்று இரவுகள்

குழு: கோண்டாவில் முற்றம்

சனிக்கிழமை

தம்பி, மாலை 6.10
பெரியக்கா, வருகின்ற பெப்ரவரியில் ஒன்ராறியோவின் குடும்ப தின நீண்ட வார இறுதிக்கு, கியூபெக்கில் இருக்கின்ற பனிச்சறுக்கு மலையான மொன் ட்ரம்பிளானில் மூன்று இரவுகள் தங்குவதற்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் நீங்கள் இந்தக் குழுவில் போட்ட படங்களைப் பார்த்த நாள் முதல் பிள்ளைகள் இருவரும் பனிச்சறுக்கைப் பற்றியே கதைக்கிறார்கள். முற்பணம் கட்டினால் திரும்பக் கிடைக்காது என்பதால், கட்டுவதற்கு முன் உங்களுடைய உண்மையான அபிப்பிராயத்தைக் கேட்க விரும்புகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம்.

பெரியக்கா, மாலை 6.41
தம்பி, இன்றிரவு வரைக்கும் பணத்தைக் கட்டாதே. நான் போட்ட படங்களில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அவை மூன்று நாட்களில் நன்றாக அமைந்த நான்கைந்து மணித்தியாலங்களின் படங்கள் மட்டுமே. மீதியை நான் யாருக்கும் எழுதவில்லை. முழு வசனங்களில் ஆறுதலாக எழுதுங்கள் என்று அப்பா இந்தக் குழுவைத் தொடங்கும்போது கேட்டுக்கொண்டார் அல்லவா, சமையலை முடித்துவிட்டு வந்து அப்படியே எழுதுகிறேன்.

பெரியக்கா, இரவு 8.05
முதலில் பயணம். ஸ்காபரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலை வழியாகப் போய், ஒட்டாவாவைக் கடந்து, கியூபெக் பக்கம் 50ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, மொன்ரெபெல்லோவில் 323ஆம் வீதிக்குத் திரும்பினோம். பிள்ளைகளுக்காக நின்று நின்று போனதில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த 323ஆம் வீதி காடுகளுக்கும் குன்றுகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. இருட்டிய பின் பனி கொட்டும்போது அதில் ஓட்டுவது அத்தானுக்கே கடினமாக இருந்தது. கியூபெக்கில் பதிவுசெய்த வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்ராறியோ வாகனத்துக்குச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று நீ விட்டுவிடாதே. வெளிச்சம் இருக்கும்போதே அங்கு போய்ச் சேரும்படி விடியற்காலையில் புறப்படுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, இணையத்தில் நீ பார்க்கின்ற இரவு வாடகையை முழு விலை என்று எண்ணாதே. தங்குவரி 3.5 சதவீதம், அதன் பின் 5 சதவீதமும் 9.975 சதவீதமுமாக இரண்டு விற்பனை வரிகள், துப்புரவுக் கட்டணம், வாகனம் நிறுத்தும் கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் தொகை ஏறிக்கொண்டே போகும். சறுக்குகின்றவர்களை மலைக்கு மேலே ஏற்றும் லிப்டுக்கான சீட்டு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 டொலரைத் தாண்டும். முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் குறையும், அன்றைக்கு அங்கு போய் வாங்கினால் கூடும். இதற்கு மேல் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகள், சப்பாத்து, தலைக்கவசம் ஆகியவற்றின் வாடகையும் பிள்ளைகளின் பயிற்சி வகுப்பும் வேறு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நீ முடிவெடுக்க வேண்டும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை, அதனால் இரண்டாம் நாள் இரவே எங்களுக்குள் பணத்தைப் பற்றிய மனக்கசப்பு வந்துவிட்டது.

தம்பி, இரவு 8.12
வரிகளை நான் கணக்கில் எடுக்கவே இல்லை அக்கா. தொடர்ந்து எழுதுங்கள்.

பெரியக்கா, இரவு 8.40
முதல் நாள் காலை ஒன்பது மணிக்குச் சறுக்கலாம் என்று நினைத்திருந்தோம். ஸ்கீச் சப்பாத்து காலைக் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், முழங்காலை முன்னே வளைத்தால் குதிக்கால் மேலே எழும்பக் கூடாது; இது தெரியாமல் பிள்ளைகள் "நோகவில்லை" என்று சொன்ன அளவை எடுத்துக்கொண்டு போய், பாதி வழியில் திரும்பி வந்து மாற்றினோம். மகனுக்குக் குளிரும் என்று நான் இரண்டு சோடி தடித்த காலுறை போட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை. இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, ஒரு மணித்தியாலத்துக்குள் அவனுடைய விரல்கள் மரத்து வெளுத்துவிட்டன. முழங்கால் வரை வருகின்ற மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்று போதும். உள்ளே பருத்தி உடுப்பு வேண்டாம், வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிரப்பண்ணிவிடும்.

வாடகைக் கடையில் பிள்ளைகளின் நிறையையும் உயரத்தையும் வயதையும் கேட்பார்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து தானாகக் கழன்றுவிட வேண்டும். ஸ்கீயைச் சப்பாத்தோடு பூட்டும் கொழுவியை எவ்வளவு இறுக்குவது என்பதை இவற்றையும் சப்பாத்தின் நீளத்தையும் வைத்தே தீர்மானிக்கிறார்கள். பெரியவர்களும் தங்கள் நிறையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

எல்லாம் முடிந்து மலையடிவாரத்தில் நாங்கள் நின்றபோது பதினொன்றரை மணி. முதல் நாளைப் பழகும் நாள் என்று ஒதுக்கிவிடு. சப்பாத்தும் ஸ்கீயும் அதற்கு முந்திய நாள் மாலையிலேயே எடுத்து வைத்தால் பாதிக் கரைச்சல் குறையும்.

சின்னக்கா, இரவு 8.52
குளிரைப் பற்றி மொன்றியலில் இருக்கின்ற நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சனவரியிலும் பெப்ரவரியிலும் அந்த மலைப்பக்கம் காலையில் −20க்குக் கீழே போவது புதினமில்லை, உச்சியில் காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றோடு சேர்த்துக் கணக்கிடும் குளிர் −28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகலாம் என்று கனடிய அரசின் வானிலைப் பகுதி எச்சரிக்கிறது. பிள்ளைகளின் கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் தேய்க்க வேண்டாம், உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போய் கையால் மெதுவாகப் பொத்தி வெதுவெதுப்பாக்குங்கள்.

இன்னொரு விடயம், குடும்ப தின வார இறுதி வேண்டாம். ரொறன்ரோவும் ஒட்டாவாவும் ஒரே நேரத்தில் அங்கு வந்துவிடும், லிப்ட் வரிசையிலேயே நாள் போய்விடும். கியூபெக் பாடசாலைகளின் குளிர்கால விடுமுறை பெப்ரவரிக் கடைசியிலும் மார்ச் முதல் வாரத்திலும் வருகிறது, அதையும் தவிருங்கள். உங்களுடைய மார்ச் விடுமுறை அதற்குப் பிறகுதான் வருகிறது. அப்போது நாளும் நீளம், குளிரும் குறைவு. காலையில் பனி இறுகிக் கண்ணாடி போல இருக்கும், பின்னேரம் இளகிப் பாரமாகிவிடும், என்றாலும் பிள்ளைகள் பழகுவதற்கு −25ஐ விட அது எவ்வளவோ மேல்.

அத்தான், இரவு 9.06
தம்பி, என்னுடைய பிழையை நானே எழுதிவிடுகிறேன். இரண்டாம் நாள் மகளின் வகுப்பு முடிந்ததும், உச்சியிலிருந்து இறங்கும் நான்சென் என்ற பாதை பச்சை வட்டம் போட்ட இலகுவான பாதை என்று வரைபடத்தில் கண்டு, அவளை கொண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். உச்சியின் உயரம் 875 மீற்றர், அங்கிருந்து அடிவாரத்துக்கு 645 மீற்றர் இறக்கம். அந்தப் பாதை ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீளம். பச்சை வட்டம் என்றால் அந்த மலையில் இருப்பவற்றுள் இலகுவானது என்றுதான் பொருள், ஒரு நாள் பழகிய பிள்ளைக்கு இலகுவானது என்று பொருளில்லை. பாதி வழியில் அவளுடைய கால்கள் நடுங்கத் தொடங்கிவிட்டன. வேகமாக வருகின்றவர்கள் பக்கத்தால் உரசிக்கொண்டு போக, அவள் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். கீழே வந்து சேர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கொண்டோலாவிலேயே திரும்பி இறங்கியிருக்கலாம் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மாஜிக் கார்ப்பெட் என்று சொல்லப்படும் நகரும் பட்டி இருக்கின்ற பழகுதிடலில் பிள்ளைகளை இரண்டு நாட்களாவது விடுங்கள். ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி நிற்கப் பழகுவதை அங்கு பீட்சா என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த பீட்சாவில் பிள்ளை தான் நினைத்த இடத்தில் நிற்கும் வரைக்கும் கதிரை லிப்டில் ஏற்ற வேண்டாம்.

சுகாதார அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியூபெக்கில் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் அவருடைய கட்டணத்தை நாங்கள் கட்டிவிட்டுப் பின்னர் ஒன்ராறியோவிடம் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. சில நாட்களுக்கான பயணக் காப்புறுதி பெரிய செலவில்லை, எடுத்துவிடுங்கள்.

தம்பி, இரவு 9.15
அத்தான், இதைச் சொன்னதற்கு நன்றி. நானும் முதல் நாளே உச்சிக்குப் போவதாகத்தான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது பிடித்ததா என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரியக்கா, இரவு 9.31
பிடித்தது தம்பி, அதில் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் காலை மகன் யாருடைய கையையும் பிடிக்காமல் திடலின் மேலிருந்து கீழே வந்து, பீட்சா பிடித்து, என் முன்னால் நின்றான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வகுப்பு எடுத்த இளைஞர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் சதா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கே தாங்களாகவே படுத்து உறங்கினார்கள்.

இப்போது அம்மாவைப் பற்றி எழுத வேண்டும். அம்மாவும் இதை வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. படங்களில் கணப்பு அடுப்பைப் பார்த்த நான் படிகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தக் கிராமமே சரிவில் கட்டப்பட்டது. வண்ணக் கூரைகளுக்கு நடுவே நடைபாதைகள் பார்க்க அழகு, உறைந்த பின் முழங்கால் நோ உள்ளவருக்கு அவற்றில் நடப்பது ஆபத்து. நாங்கள் காலையில் புறப்பட்டால் பின்னேரம் நாலரைக்குத்தான் திரும்புவோம். அம்மா இரண்டு நாட்கள் முழுவதும் அந்த வீட்டுக்குள் தனியாக இருந்தார். நாங்கள் நனைந்த உடுப்புகளோடு வந்து சேரும்போது புட்டும் சொதியும் சுடச்சுட இருக்கும், நாங்களும் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். விடுமுறைக்குக் கூட்டிக்கொண்டு போன அம்மாவை எட்டுப் பேருக்குச் சமைக்க வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இரண்டாம் நாள் இரவு, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பியபோதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் நான் சறுக்கப் போகவில்லை. அம்மாவோடு கப்ரியோலே என்ற திறந்த கம்பிவடப் பெட்டியில் கீழ்க் கிராமத்துக்கும் மேல் சதுக்கத்துக்கும் போய் வந்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு நடந்து வருகின்றவர்களுக்கான சீட்டு வாங்கி, மூடிய கொண்டோலாவில் உச்சிக்குப் போனோம். கீழே ட்ரம்பிளான் ஏரி முழுவதும் வெள்ளையாக உறைந்து கிடந்தது, அதற்கப்பால் லோரென்ஷியன் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அம்மா வெகுநேரம் என் கையை விடவில்லை. அந்தப் படத்தைத்தான் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா, காலை 5.50
பிள்ளைகளே, எல்லாவற்றையும் வாசித்தேன். சமைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவள் அதை நினைத்து வருந்தத் தேவையில்லை. தொலைக்காட்சியில் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் கதைத்தார்கள், அதை நிறுத்திவிட்டு யன்னலருகே இருந்தேன். யன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம்தான் தெரிந்தது. பேரப்பிள்ளைகள் விழுந்து எழும்பிச் சறுக்கப் பழகுவதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாளும் ஆசைப்பட்டேன். எங்கே போய் நின்றால் அவர்களைப் பார்க்கலாம் என்று கேட்க, உங்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தயங்கிவிட்டேன்.

பெரியக்கா, காலை 7.20
அம்மா, பழகுதிடல் அந்த வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை தூரம்தான். அதன் பக்கத்தில் கண்ணாடி வைத்த தேநீர்க்கடையும் இருந்தது. நான் ஒருமுறையாவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சின்னக்கா, காலை 8.02
தம்பி, ஒரு யோசனை சொல்கிறேன். சனவரியில் ஒரு நாள் பிள்ளைகளை நோர்த் யோர்க்கில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போ. ரொறன்ரோ மாநகரசபை நடத்துகின்ற சிறிய சறுக்குமேடு அது, பயிற்சி வகுப்பும் உண்டு. அங்கு பிள்ளைகள் ஸ்கீயில் நிற்கப் பழகிய பிறகு மார்ச் மாதம் இங்கே வாருங்கள். பயணத்தை இரண்டாகப் பிரித்து முதல் இரவு எங்கள் வீட்டில் தங்கினால், மறுநாள் மலைக்கு 130 கிலோமீற்றர் அளவுதான் ஓட வேண்டியிருக்கும், 323ஆம் வீதியும் தேவைப்படாது. நானும் உங்களோடு வருகிறேன். பெரியவர்களில் ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் அம்மாவோடு நிற்கலாம். இரண்டு இரவுக்கான கறிகளை இங்கேயே சமைத்து உறையவைத்துத் தருகிறேன்.

தம்பி, காலை 9.44
பெப்ரவரியை விட்டுவிட்டேன். மார்ச் விடுமுறையில் இரண்டு இரவுகளுக்கு ஒரு தரைத்தள வீடு பார்த்து, நேரடியாகத் தொலைபேசியில் கதைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். வாசலில் இரண்டு படிகள் மட்டுமே இருக்கின்றன, குளியலறையில் உயரமான தொட்டி இல்லை, வரவேற்பறை யன்னலிலிருந்து பழகுதிடலின் கீழ்ப்பகுதி தெரியும் என்று சொன்னார்கள். யன்னலிலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பும்படி கேட்டிருக்கிறேன், அது வந்த பிறகுதான் பணம் கட்டுவேன். அம்மா, நீங்கள் வருவீர்களா?

அம்மா, காலை 10.15
வருகிறேன் மகன். பிள்ளைகள் இருவரின் சட்டையும் என்ன நிறம் என்று முன்னதாகவே சொல்லிவிடு, தலைக்கவசம் போட்டால் தூரத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித் தெரிவார்கள்.

அத்தான், காலை 10.22
மாமி, சப்பாத்துக்குக் கீழே மாட்டுகின்ற, பனியில் வழுக்காத முள்பட்டி ஒரு சோடி உங்களுக்கு வாங்கி வைக்கிறேன். உங்கள் குளிர்காலச் சப்பாத்தின் அளவு ஏழா, ஏழரையா?

அம்மா, காலை 10.31
ஏழரை.