கொப்பரை உலர்த்தி: சித்தப்பா பணமா, ஆக்ஸிலரேட்டரா, அரசு நிதியா? எதை முதலில் வாங்குவது?

காங்கயம் மெக்கானிக் | ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பாய்லர் கம்பெனியில் வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு இப்போது முழு நேரமும் கொப்பரைக்காகத் தேங்காய்ப் பருப்பைக் காய வைக்கும் உலர்த்தி ஒன்றில் இறங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தேங்காய்க் களங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் நன்றாக அடித்தால் ஒரு வாரத்தில் பருப்பு காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் பூஞ்சை பிடிக்கும். அதைத் தடுக்கக் கந்தகப் புகை போடுகிறார்கள். களத்தில் வேலை செய்யும் பெண்கள் அந்தப் புகையில்தான் நிற்கிறார்கள். புகை இல்லாமல் மழை நாளிலும் காய வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன்.

நான் செய்திருப்பது பாலிகார்பனேட் கூடாரம். காற்றை இழுக்கச் சோலார் ஃபேன் உண்டு. தரைக்கு அடியில் ஜல்லிப் படுகை போட்டிருக்கிறேன். பகல் சூட்டைப் பிடித்து வைத்து ராத்திரி விடும். மேகமூட்ட நாளுக்குத் தேங்காய்த் தொட்டி (சிரட்டை) எரிக்கிற சின்ன அடுப்பு. அதன் புகை பருப்பில் படாமல் குழாய் வழியே சூடு மட்டும் உள்ளே போகும். மாமாவின் களத்தில் ஒன்று ஓடுகிறது. ஒரு தடவைக்கு இரண்டாயிரம் காய் பிடிக்கும். அடுத்து பத்தாயிரம் காய்க்குச் செய்ய வேண்டும். அதற்குப் பணம் இல்லை.

சித்தப்பா 20 லட்சம் தருகிறேன், 40 சதவீதம் பங்கு கொடு என்கிறார். புது நிறுவனங்களைப் பயிற்றுவிக்கும் பெரிய நகரத்து ஆக்ஸிலரேட்டர் ஒன்று, மூன்று மாதப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. 6 சதவீதம் பங்கு, அதற்கு மேல் ஒரு லட்சம் கட்டணம். நண்பன் அரசு நிதி நிறைய இருக்கிறது என்கிறான். ஆடிட்டர் உடனே பிரைவேட் லிமிடெட் பதியச் சொல்கிறார். இந்தப் பாதையில் போனவர்கள் சொல்லுங்கள். எதை முதலில் செய்வது?

களத்துமேடு

தம்பி, நான் வெள்ளகோவில் பக்கம் களம் வைத்திருக்கிறேன். பணம் போடுபவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பது ஒன்றுதான்: ஆயிரம் காய்க்கு உலர்த்தும் செலவு என்ன வரும்? 2024 பருவத்தில் அரவைக் கொப்பரைக்கு (எண்ணெய் ஆட்டுவது) அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 11,160 ரூபாயாக இருந்தது. ஈரம் கூடுதலாக இருந்தால் கொள்முதலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் வெளி வியாபாரி சொன்னதுதான் விலை. மழைக்கால ஈரத்தில் நாங்கள் இழப்பது அங்கேதான். உங்கள் கூடாரம் அந்த இழப்பை நிறுத்தும் என்றால் பணம் கொடுக்கத் தயார். ஆனால் லட்சக்கணக்கில் கொடுத்துச் சொந்தமாக வாங்க மாட்டேன். காய்க்கு இவ்வளவு என்று கூலி சொல்லுங்கள், கொண்டுவந்து போடுகிறேன்.

நொய்யல்கரை

வணக்கம் தம்பி. கோவையில் புது நிறுவனங்களை வளர்த்துவிடும் ஒரு இன்குபேட்டரில் பல வருடம் எரிசக்தி, விவசாயக் கருவி சம்பந்தப்பட்ட விண்ணப்பங்களைப் பார்த்து வந்தேன். இப்போது வெளியே வந்து இப்படிப்பட்ட சின்ன நிறுவனங்களுக்கு உதவுகிறேன். நல்ல கருவி செய்தவர்கள், பணத்தை வரிசை மாற்றி வாங்கியதால் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கம்பெனியை இப்போது பதிய வேண்டாம். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டுக்கு (தொடக்க நிதி) விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆப் செய்பவருக்கு இரண்டு வருடம் நிறைய நேரம். உங்களுக்கு அது வெறும் இரண்டு மழைக்காலம். இன்றைக்குப் பதிந்துவிட்டு முன்மாதிரியைச் சரி செய்துகொண்டிருந்தால் தகுதி கரைந்துகொண்டே போகும்.

கம்பெனி இல்லாமல் தனி ஆளாகவே வாங்கக்கூடிய பணம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் முன்மாதிரி செய்ய 10 லட்சம் வரை கிடைக்கும். அது கடன் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் கோவையில் பி.எஸ்.ஜி. ஸ்டெப், ஃபோர்ஜ் என்ற இரண்டு இன்குபேட்டர்களும் இதை நடத்துகின்றன. இதே துறையின் இன்னொரு திட்டம், வேலையை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு மாதம் 30,000 ரூபாய் வரை உதவித்தொகை தருகிறது. வீட்டுச் செலவுக்கு அதைக் கேளுங்கள். கருவிப் பணத்தில் கை வைக்காமல் இருக்கலாம்.

அடுத்தது சீட் ஃபண்ட். சோதனைக்கும் முன்மாதிரிக்கும் 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பிறகு பங்காக மாறும் பத்திரமாகவோ. ஒரே விண்ணப்பத்தில் மூன்று இன்குபேட்டர்களை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனையைப் பலர் படிப்பதே இல்லை. வேறு மத்திய, மாநிலத் திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருந்தால் தகுதி போய்விடும். போட்டிப் பரிசும் மாத உதவித்தொகையும் இந்தக் கணக்கில் சேராது.

இப்போது நம் மாநிலத்தின் டான்சீட்டைப் பாருங்கள். ஸ்டார்ட்அப் டிஎன் நடத்துவது. பொதுவாக 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பத்துக்கு 15 லட்சம். பதிலுக்கு 3 சதவீதம் பங்கு எடுப்பார்கள். நல்ல திட்டம், நல்ல மனிதர்கள். ஆனால் அந்த 15 லட்சத்தை முதலில் வாங்கிவிட்டால் மத்திய அரசின் 20 லட்சக் கதவு மூடிவிடும். ஆகவே பிரயாஸ், பிறகு கம்பெனி, பிறகு சீட் ஃபண்ட், அதற்கும் பிறகு டான்சீட். ஒவ்வொன்றிலும் அப்போதைய விதிகளை வரி வரியாகப் படியுங்கள். பதிப்புக்குப் பதிப்பு மாற்றுவார்கள்.

ஆக்ஸிலரேட்டர் விஷயம். கட்டணமும் வாங்கி, பங்கும் வாங்கி, பணம் எதுவும் போடாத இடத்துக்குப் போகாதீர்கள். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். கூடவே ஒன்று: மூன்று மாதத்தில் மேடையில் நின்று முதலீட்டாளர்களிடம் பேச வைப்பது சாஃப்ட்வேருக்குப் பொருந்தலாம். மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் 2013இல் சென்னை ஐஐடி இன்குபேஷன் மையத்தில் ஆரம்பித்தது. வண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2018. நடுவில் 2014இல் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள், பிறகு டைகர் குளோபல் முதலீட்டு நிறுவனம், 2016இல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பொறுமையான பணம் வந்துகொண்டே இருந்ததால்தான் அந்த ஐந்து வருடத்தைத் தாண்ட முடிந்தது. இரும்பும் வெப்பமும் சம்பந்தப்பட்ட தொழிலுக்குக் காத்திருக்கிற பணம் வேண்டும். அதனால் எந்த இன்குபேட்டரிடம் போனாலும் இப்படிக் கேளுங்கள்: அடுத்த மழைக்காலம் முழுக்க என்னுடன் இருப்பீர்களா? எந்த ஆய்வகத்தைத் திறந்துவிடுவீர்கள்? முதல் பத்து களத்துக்காரர்களிடம் என்னை அழைத்துப் போவீர்களா? எரிசக்தியும் கிராமத் தொழிலும் சேரும் இடத்தில் வேலை செய்பவர்கள் என்றால் சென்னையில் வில்க்ரோ இருக்கிறது, 2001இலிருந்து. சிஇஇடபிள்யூ என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனமும் வில்க்ரோவும் சேர்ந்து நடத்தும் ‘பவரிங் லைவ்லிஹுட்ஸ்’ திட்டம் சரியாக உங்களைப் போன்றவர்களுக்கானது: வயலிலும் பட்டறையிலும் ஓடும் சூரியசக்திக் கருவிகள்.

களத்துமேடு அண்ணன் சொன்னதை நன்றாகப் படியுங்கள். எனக்கு அதுதான் இந்த இழையின் முக்கியமான பதில். மகாராஷ்டிரத்தில் எஸ்4எஸ் டெக்னாலஜீஸ் சூரிய உலர்த்தியைச் செய்தது. கருவியை விற்பதோடு நிற்காமல், கிராமத்துப் பெண்கள் கையில் உலர்த்தியைக் கொடுத்து, அவர்கள் உலர்த்தும் காய்கறியைத் தாங்களே வாங்கி உணவுக் கம்பெனிகளுக்கு விற்கிற வழிக்கு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தார்கள். 2023இல் எர்த்ஷாட் என்ற சுற்றுச்சூழல் பரிசும் வந்தது. கருவி வாங்க விவசாயிக்குக் கையில் காசு இல்லை, காய்ந்த சரக்குக்கு வாங்குபவர் இருக்கிறார் என்ற நிலைமை காங்கயத்திலும் அதேதான். காய்க்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வழியில் உங்கள் முதலீடு கூடும், ஆனால் வருமானம் மாதாமாதம் வரும், வங்கி அதை நம்பும்.

கூலி முறைக்குப் போனால் கருவிகளைச் சொந்தமாக வைத்திருக்கக் கடன் வேண்டும். அங்கே மாவட்டத் தொழில் மையத்தின் நீட்ஸ் திட்டம் உதவும்: முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. விற்கவும் செய்வீர்கள் என்றால், வேளாண் பொறியியல் துறை சூரிய கூடார உலர்த்திக்கு 40 சதவீத மானியம் தருகிறது. துறை அங்கீகரித்த நிறுவனத்திடம் வாங்கினால்தான் விவசாயிக்கு அது கிடைக்கும். அந்தப் பட்டியலில் இடம் பிடிக்க உங்கள் கையில் சோதனை அறிக்கை இருக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம்பிக்கையில்தான் கேட்டிருக்கிறார். ஆனால் முன்மாதிரி நிலையிலேயே 40 சதவீதம் போனால், பின்னால் வரும் எந்த முதலீட்டாளரும் “வேலை செய்கிற ஆளுக்கு என்ன மிச்சம்?” என்று கேட்டு எழுந்துவிடுவார். அவர் பணம் உண்மையாகவே தேவைப்படும் நேரம் வரும். ஆர்டர் கையில் இருக்கும், பாலிகார்பனேட்டும் இரும்பும் வாங்கக் காசு இருக்காது. அரசு நிதி தவணை தவணையாகத்தான் வரும், முந்தைய தவணைக்குக் கணக்குக் காட்டிய பிறகு. அந்த இடைவெளிக்கு அவரைக் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான் ஆடிட்டர். மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். சில சேர்க்கை மட்டும்.

தனி உரிமையாளர் நிறுவனமாக ஜிஎஸ்டி எடுத்து ஆரம்பித்துவிடாதீர்கள். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்றவற்றுக்குத்தான்.

சித்தப்பா பணம் பற்றி. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இயக்குநரும் அவருடைய உறவினரும் கடன் கொடுக்கலாம். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் வருவார்கள்; சித்தப்பா வரமாட்டார். நேரடியாகக் கம்பெனிக் கணக்கில் கடனாகப் போட்டால் சிக்கல். கன்வெர்ட்டிபிள் நோட் (பிறகு பங்காக மாறும் கடன் பத்திரம்) என்றால் ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் வேண்டும், 20 போதாது. பிற்பாடு பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு கொடுத்தால், விலையை அடுத்த முதலீட்டின்போது முடிவு செய்துகொள்ளலாம். 2024 ஜூலை பட்ஜெட்டில், பங்கை மதிப்புக்கு மேல் விற்றால் விதித்த ஏஞ்சல் வரியையும் எடுத்துவிட்டார்கள், அந்தப் பயம் இனி வேண்டாம்.

இன்னொன்று: ஜல்லிப் படுகையையும் தொட்டி அடுப்பையும் நீங்கள் இணைத்த விதம் புதிது என்றால், வீடியோ போடுவதற்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தால் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி உண்டு.

காங்கயம் மெக்கானிக்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆக்ஸிலரேட்டருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். சித்தப்பாவிடம் பேசினேன், ஆர்டர் வரும்வரை காத்திருக்கச் சம்மதித்தார். களத்துமேடு அண்ணா, ஆயிரம் காய்க்கான செலவைக் கணக்குப் போட்டு இங்கேயே எழுதுகிறேன். நொய்யல்கரை அக்கா, பிரயாஸ் விண்ணப்பத்தில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும்? என்னிடம் இருப்பது வெப்பநிலை எழுதி வைத்த நோட்டு மட்டும்தான்.

நொய்யல்கரை

நோட்டு நல்ல ஆரம்பம். விண்ணப்பத்தில் சூரியசக்தி எவ்வளவு நல்லது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியும். தேங்காய் உடைக்கும்போது பருப்பில் பாதிக்கு மேல் ஈரம், அது 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். வெயில் நாளில் எத்தனை மணி நேரம், மேக நாளில் எத்தனை, அதற்கு எத்தனை கிலோ தொட்டி எரிந்தது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே வெறும் களத்தில் அதே நாளில் அதே காய் எப்படிக் காய்ந்தது என்பதும் வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாத எண்ணைக் குழு நம்பாது.

நிதி கேட்கும் பட்டியலில் உலர்த்தியின் பாகங்களோடு ஈரமானியும், ஐந்தாறு இடத்தில் சூட்டைப் பதிகிற சென்சாரும், ஆய்வகக் கட்டணமும் கட்டாயம் இருக்கட்டும். மழைக்காலக் கொப்பரையில் அஃப்ளடாக்சின் (பூஞ்சை நச்சு) எவ்வளவு, கந்தக எச்சம் எவ்வளவு என்று உங்கள் சரக்கையும் களத்துச் சரக்கையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். எண்ணெய் ஆலைக்காரரும் ஏற்றுமதியாளரும் கூடுதல் விலை கொடுப்பது அந்த அறிக்கையைப் பார்த்துத்தான். வேளாண் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையையும், ஆழியார் நகரில் இருக்கும் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையும் போய்ப் பாருங்கள். உலர்த்தி பற்றி அவர்களிடம் பல வருட வேலை இருக்கிறது. அவர்களில் ஒருவர் வழிகாட்டியாக வரச் சம்மதித்தால் விண்ணப்பத்துக்குப் பெரிய பலம்.

பணம் எப்போது வரும் என்று காத்திருந்து இந்த ஐப்பசியை விட்டுவிடாதீர்கள். விட்டால் அடுத்த மழை ஒரு வருடம் கழித்துத்தான். மாமா களத்தில் இருக்கும் இரண்டாயிரம் காய் கூடாரமே போதும், ஈரமானி மட்டும் கைக்காசில் வாங்குங்கள். விண்ணப்பம் எழுதியதும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

களத்துமேடு

மழை பிடித்ததும் என் களத்துக் காயிலும் ஆயிரம் கொண்டுவருகிறேன் தம்பி. பாதியைக் கூடாரத்தில் போடு, பாதி என் களத்தில் கிடக்கட்டும். கூலி எவ்வளவு என்று முன்னாடியே சொல்லிவிடு.